முதல் கட்டத்தில் எழுதியது

அந்தத் தாளை உள்ளே வைத்துவிடுங்கள் அண்ணாச்சி. டீக்காரர் வருகிறார். கை தட்டிச் சிந்திவிட்டால் இன்னொரு தாள் தரமாட்டார்கள். பார்த்தேன், பார்த்தேன். எனக்குத் தெரியாத தாளா அது? மூன்று கட்டம். விருப்பம் ஒன்று, விருப்பம் இரண்டு, விருப்பம் மூன்று. கீழே நாலு வரி இடம், ஏன் என்று எழுதுவதற்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே தாளோடு இதே ரயிலில்தான் போனேன். என் அப்பாவும் உங்களைப் போலவேதான் அதைப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மகள் பேர் என்ன சொன்னீர்கள்? முத்துமீனா. நல்லது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள், பார்க்கட்டும். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மிலிட்டரியில் நர்ஸாகச் சேரப்போகிறாள், உங்கள் வீட்டில் முதல் டிகிரி. எங்கள் வீட்டிலும் நான்தான் முதல். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ், அப்பாவுக்கு லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. என் பேர் இசக்கியம்மாள். இப்போது லெப்டினன்ட் இசக்கியம்மாள். அங்கே அது யார் வாயிலும் நுழையாது. ஒரு கர்னல் என்னை ‘ஐசக்’ என்றே கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது?

எந்தப் பிரிவை எழுதச் சொல்லலாம் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், உங்களுக்கும் இறங்குவதற்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது.

எனக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் வேண்டும். ஓ.டி. என்போம். காலேஜ் இரண்டாம் வருஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன். சுத்தமான இடம். பச்சை உடுப்பு, முகமூடி, எண்ணி வைத்த கருவிகள். டாக்டர் கையை நீட்டினால் நாம் கத்தரியை வைக்க வேண்டும், அவ்வளவுதான். நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் கேட்கமாட்டார், மனைவியைப் பற்றிச் சொல்லமாட்டார், எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று முந்தானையைப் பிடிக்கமாட்டார். வார்டில் வேலை செய்கிற நர்ஸ்கள் பாதி நேரம் ஆறுதல் சொல்கிறார்கள், மீதி நேரம் திட்டு வாங்குகிறார்கள். ஓ.டி.யில்தான் படித்த படிப்புக்கு மரியாதை. ஹிந்தி பேச வேண்டியதில்லை என்பதற்காக நான் அதைக் கேட்டதாகச் சிலபேர் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. ஹிந்தி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்போது தெரியாது, அவ்வளவுதான். சேரும்போது மொழிகள் என்ற இடத்தில் ஹிந்திக்கு நேராக ‘ஓரளவு’ என்று எழுதியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலேஜ் சீனியர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். அதில் ரோஸ்லின் அக்கா என்று ஒருத்தி, மிலிட்டரியில் ஒன்பது மாதம் இருந்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். ஒன்பது மாதத்தில் ஒரு படையையே நடத்தியவள் மாதிரி பேசுவாள். “பிள்ளைகளா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. மிலிட்டரில நீ கேட்டதக் குடுக்க மாட்டாங்க. மொதக் கட்டத்துல எழுதுனத வெட்டிட்டுத்தான் மத்ததப் பாப்பாங்க. உனக்கு எது பிடிக்கலையோ அத மொதல்ல எழுது. எது வேணுமோ அதக் கடைசியில எழுது.”

இதை நம்பினாயா என்று நீங்கள் கேட்கலாம். ஏன் நம்பக் கூடாது? ப்ளஸ் டூ முடித்துக் கவுன்சிலிங்குக்குப் போனபோது என்ன நடந்தது? பிரவுசிங் சென்டரில் ஒரு ஆளுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தோம். எதை முதலில் போட வேண்டும், எதைப் பின்னால் தள்ள வேண்டும், எந்தக் காலேஜை ஏமாற்றுக்காகப் போட வேண்டும் என்று அந்த ஆள் சதுரங்கம் ஆடுவது மாதிரி போட்டுக் கொடுத்தார். பிடித்ததைப் பிடித்தது என்று நேராக எழுதியவர்கள் எல்லாம் சீட் கிடைக்காமல் அழுதுகொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதுவும் போக, எங்கள் வீட்டில் அரசாங்கத்திடம் கேட்ட எதுவும் கேட்டபடி கிடைத்ததில்லை அண்ணாச்சி. ரேஷன் கார்டில் என்னை ‘இசக்கிமுத்து, ஆண்’ என்று போட்டிருந்தார்கள். அப்பா ஆறு வருஷம் அலைந்தார். ஏழாவது வருஷம் என் பேர் சரியாக வந்தது, அம்மா பேரைக் காணோம்.

அதனால் யோசித்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். விருப்பம் ஒன்று: மனநலப் பிரிவு. விருப்பம் இரண்டு: தீக்காயப் பிரிவு. விருப்பம் மூன்று: ஆபரேஷன் தியேட்டர்.

கீழே நாலு வரி ஏன் என்று எழுத வேண்டுமே. வெட்டப்போகிற விருப்பத்துக்கு எதை எழுதினால் என்ன? மூன்றாம் வருஷ நோட்டிலிருந்து எடுத்து எழுதினேன். ‘சொல்ல முடியாத வேதனையோடு இருக்கும் வீரர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் குரலைக் கேட்க விரும்புகிறேன்.’ இங்கிலீஷில் இன்னும் நன்றாக இருக்கும்.

என்னோடு ஒரே அறையில் ஷைனி என்று ஒரு மலையாளப் பெண். லெப்டினன்ட் ஷைனி. அவள் தாளை எட்டிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் ஓ.டி., இரண்டாவதில் ஓ.டி., மூன்றாவதில் ஓ.டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன் ஷைனி, மூணுலயும் அதையேவா எழுதுவாங்க?” என்றேன். “எனிக்கு அதுதானே வேணும்? பின்னே வேற எந்து எழுதும்?” என்றாள். இந்த உலகத்தில் எப்படிப் பிழைக்கப்போகிறாள் என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

நாலாம் நாள் போர்டில் ஒட்டினார்கள். ஷைனி, ஆபரேஷன் தியேட்டர். இசக்கியம்மாள், மனநலப் பிரிவு.

மிலிட்டரிக்காரர்களுக்கு மூளை கிடையாது அண்ணாச்சி. ஒருத்தி ஒன்றைக் கேட்டால் ஏன் கேட்கிறாள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு அரசாங்கம்.

அந்த வார்டுக்குப் பொறுப்பு மேஜர் சந்தோஷ் கௌர். பஞ்சாபி. என் அம்மா வயது, என் அம்மாவைப் போல இரண்டு பங்கு உடம்பு. நான் போய் சல்யூட் அடித்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். நாலு வருஷத்தில் மனநலப் பிரிவை முதல் விருப்பமாக எழுதிக் கேட்டு வந்த முதல் பெண் நான்தானாம். என் நாலு வரியை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். அதோடு விட்டாரா? பிரதி எடுத்து, வார்டு ஆபீஸ் சுவரில் குண்டூசி குத்தி மாட்டிவிட்டார். தினமும் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போட வேண்டும்.

வார்டு எப்படி இருக்கும் என்கிறீர்களா? நீங்கள் நினைப்பது போலச் சங்கிலியோ கூச்சலோ இல்லை. இருந்திருந்தாலாவது ஒரு வேலை இருந்திருக்கும். நீல உடுப்புப் போட்ட முப்பத்தோரு பேர், கேரம் ஆடுவார்கள், சுவரைப் பார்ப்பார்கள். ஊசி அபூர்வம். டிரிப் கிடையாது. கட்டுப் போடுவது கிடையாது. மாத்திரை கொடுத்துவிட்டு, விழுங்கினார்களா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன்களை எண்ண வேண்டும். முப்பத்தொன்று கொடுத்தால் முப்பத்தொன்று திரும்பி வர வேண்டும். நாலு வருஷம் பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஸ்பூன் எண்ணுகிற வேலை. ஷைனி சாயங்காலம் அறைக்கு வந்து இன்றைக்கு மண்ணீரலைப் பார்த்தேன், குடலைப் பார்த்தேன் என்பாள். நான் என்ன சொல்வது? முப்பத்தொன்றும் சரியாக இருந்தது என்று சொல்வேன்.

அப்புறம் பேச்சு. அந்த வார்டில் மருந்தே பேச்சுதானாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார வேண்டும், அவர் பேசினால் கேட்க வேண்டும், கேட்டதை ஒரு பக்கம் குறிப்பு எழுத வேண்டும். பேச்சு எல்லாம் ஹிந்தியில். என் கையில் இருந்தது மூன்று சொல். ‘அச்சா’, ‘டீக் ஹை’, ‘ஃபிர்?’. முதல் இரண்டுக்கும் சரி, சரி என்றும் ஃபிர் என்றால் அப்புறம் என்றும் அர்த்தம். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் இந்தியாவில் யாரோடும் ஒரு மணி நேரம் பேசலாம் அண்ணாச்சி. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். பேசுகிறவன் எவன் எதிரில் இருப்பவரைக் கவனிக்கிறான்?

இங்கேதான் அந்த மனுஷன் வருகிறார். கிஷன் நேகி. நாயக் கிஷன் நேகி, நாயக் என்பது பதவி, கையில் இரண்டு பட்டை. இமயமலைப் பக்கத்துக்காரர், முப்பத்தெட்டு வயது. மலைச்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனபோது கவிழ்ந்துவிட்டது. ஓட்டிய இவருக்கு ஒரு கீறல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. கர்னல் டாக்டர் ஒரு மணி நேரம் கேட்பார், இவர் ஒரு மணி நேரம் மின்விசிறியைப் பார்ப்பார். மேஜர் லட்டு கொண்டுவந்து கொடுத்துக் கேட்பார். லட்டைச் சாப்பிடுவார், பேசமாட்டார்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம், மதியம் இரண்டு மணி. ஸ்பூன் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். சத்தமில்லாமல், அவசரமில்லாமல், கடைக்குச் சாமான் சொல்லிவிடுகிற மாதிரி. பத்து நிமிஷம். நான் “அச்சா” என்றேன். “ஃபிர்?” என்றேன். முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாளும் இரண்டு மணி, அதே நாற்காலி, அதே பேச்சு. அதற்கு மறுநாளும்.

வார்டே அசந்துவிட்டது. கர்னல் கேட்காத கேள்வியா, மேஜர் கொடுக்காத லட்டா, அதற்கெல்லாம் மசியாதவர் இந்த மதராஸிப் பெண்ணிடம் பேசுகிறாரே என்று. எனக்கும் ஒன்றும் மோசமாக இல்லை. எதற்கு மறைக்க வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் குறிப்பு எழுத வேண்டுமே. காதில் விழுந்த சொற்களில் நாலைந்து எனக்குத் தெரிந்தவை. வீடு, எருமை, மகள், கடிகாரம், தம்பி. ஒரு ஆள் தினமும் வீட்டையும் மகளையும் எருமையையும் பற்றிப் பேசினால் என்ன அர்த்தம்? ‘நன்றாகப் பேசுகிறார். குடும்பத்தை அன்போடு நினைத்துக்கொள்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறார்’ என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். பதினோரு வாரம் எழுதினேன் என்று அங்கே சொல்வார்கள். அது தப்பு. பத்து வாரமும் நாலு நாளும். என் வார விடுமுறைகள் போக அறுபத்து நாலு குறிப்பு.

கர்னல் அந்த அறுபத்து நாலையும் படித்தார். படித்துவிட்டு, தேறிவிட்டார், இரண்டு மாதம் லீவில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டார். சனிக்கிழமை கிளம்ப வேண்டியது. எனக்கும் விடிந்தது. மேஜர் கூப்பிட்டு, “நல்ல வேலை செஞ்சிருக்கே. ஓ.டி.யில ஒரு இடம் காலியாகுது. உன் மூணாவது விருப்பம் அதுதானே? உன்னை விட மனசில்லைதான். இருந்தாலும் நான் பரிந்துரை எழுதறேன்” என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார். திங்கட்கிழமை ஆர்டர் வரும் என்றார். எண்ணிப் பாருங்கள், எத்தனை சுற்றுச் சுற்றி வந்தாலும் கடைசியில் என் கணக்குச் சரியாகத்தானே வந்தது? அன்றைக்கு ஷைனியிடம் கடன் வாங்கி ஓ.டி. புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அது செவ்வாய். புதன்கிழமை இரண்டு மணிக்கு நேகி வந்தார். அன்றைக்குக் கையில் ஒரு ஃபிளாஸ்க். பச்சை நிறம், மூடியில் நசுங்கல், தோளில் மாட்டுகிற வார். லீவுக்குப் போகிறவர்களின் சாமான்களை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மேஜைமேல் வைத்துவிட்டு வழக்கமான பேச்சைப் பேசினார். முடிக்கிற இடத்தில் ஃபிளாஸ்கைத் தொட்டார். அப்புறம் என்னைக் காட்டினார். “மதராஸி மேடம்” என்றார். எழுந்து போகும்போது எடுத்துக்கொண்டுதான் போனார்.

எனக்குத் தருகிறேன் என்கிறார். அதைப் புரிந்துகொள்ள ஹிந்தி வேண்டியதில்லை. “அச்சா” என்று சொல்லிவிட்டேன். ஸ்பூனை எண்ணி முடித்தேன். இரண்டாம் தடவை எண்ணினேன். மலைக்கு, குளிருக்குப் போகிறவர் ஃபிளாஸ்கை ஏன் எனக்குத் தருகிறார்?

ஷைனிக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. சாயங்காலம் அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். “ஷைனி, நான் ஒண்ணு சொல்றேன், என்ன அர்த்தம்னு சொல்லு” என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி, எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். ப்ளஸ் டூவில் விலங்கியல் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை ஒப்பிப்பேன், பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இந்த மனுஷன் அறுபத்து நாலு நாள் ஒரே பாடத்தைச் சொன்னால் மண்டையில் ஏறாமல் இருக்குமா? ஒரு சொல் விடாமல், அவர் மூச்சு விட்ட இடத்தில் நானும் மூச்சு விட்டு, அப்படியே ஒப்பித்தேன்.

பாதியில் ஷைனி உரிப்பதை நிறுத்திவிட்டாள். முடித்ததும், “இன்னொரு தடவை சொல்லு” என்றாள். சொன்னேன்.

எருமை தம்பிக்கு. சுவர்க் கடிகாரம் மகளுக்கு, அவள் பள்ளிக்கூடத்துக்கு நேரம் பார்ப்பது அதில்தான். நிலத்துப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. மனைவியை மழை முடிகிறவரை அவள் அப்பா வீட்டில் வைத்திருக்க வேண்டும். வருகிற பணத்தில் பாதி இறந்துபோனவரின் அம்மாவுக்கு, அதை யாரும் தடுக்கக் கூடாது. ஃபிளாஸ்க் மதராஸி மேடத்துக்கு. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். இது கடைசி வரி.

“எடீ, ஈ மனுஷன் அறுபத்து நாலு நாளா உன்கிட்ட உயில் சொல்லியிருக்கு. நீ அச்சான்னு சொல்லியிருக்கே” என்றாள் ஷைனி. அழுதாள். இந்த ஓ.டி.க்காரிகளுக்கு அழுவதுதான் சுலபம். அழுதால் ஆச்சா? எனக்கு அழ நேரமில்லை. எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. சனிக்கிழமை இந்த மனுஷனை ரயிலேற்றக் கூடாது. ஏற்றக் கூடாது என்று சொன்னால் திங்கட்கிழமை எனக்கு ஓ.டி. கிடையாது. ஏனென்றால் அறுபத்து நாலு குறிப்பும் பொய் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும்.

உடனே ஓடிப் போய்ச் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லலாம். நீங்கள் போய் விசாரிக்கப்போவதில்லை. ஆனால் அப்படி நடக்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க ஒரு வழி தேடினேன். பழைய குறிப்பைத் தொடாமல் புதிதாக ஒரு குறிப்பு எழுதினேன். ‘இன்று சோர்வாகத் தெரிகிறார். லீவைத் தள்ளிவைப்பது நல்லது.’ கர்னல் படித்துவிட்டுச் சிரித்தார். “ஐசக், உன்னைப் பிரிஞ்சு போறார் இல்லையா, சோர்வா இருக்காதா?” என்றார். இவருக்கு மனநலத்தில் எம்.டி. பட்டம். வெளிநாட்டில் போய்ப் பேசிவிட்டு வந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை மேஜர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். “மேடம், எனக்கு ஹிந்தி தெரியாது” என்றேன்.

“பரவாயில்லை, போகப் போக வந்துடும்” என்றார்.

“இல்லை மேடம். தெரியவே தெரியாது. வந்த நாளிலிருந்து தெரியாது. நேகி பேசினதில் எனக்கு ஒரு வரியும் புரியலை. நான் எழுதினது எல்லாம் நானா எழுதினது.”

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவர் மேஜைமேல் இருந்த மணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கர்னலை வரச் சொன்னார். “அவர் என்ன பேசினார்னு சொல்லு” என்றார். விறைப்பாக நின்று ஒப்பித்தேன். ஹிந்தி தெரியாதவள் பத்து நிமிஷம் சுத்தமான மலைக்காட்டு ஹிந்தி பேசுகிறேன். ‘ஃபிளாஸ்க்’ என்ற இடம் வந்தபோது கர்னல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

லீவு ரத்து. அன்றைக்கே அவர் மனைவியை வரச் சொல்லித் தந்தி போல ஏதோ செய்தி போனது. ஓ.டி. ஆர்டரும் ரத்து. மேஜர் வெளியே வந்து சுவரிலிருந்த என் நாலு வரியைக் குண்டூசியோடு கழற்றி, என் கையில் கொடுத்தார். “ஒரு வருஷம் இங்கேயே இரு. ஹிந்தி கத்துக்கோ” என்றார். அவ்வளவுதான் தண்டனை. ராணுவம் என்று பேர்.

என் வயிற்றெரிச்சல் அது இல்லை அண்ணாச்சி. கேளுங்கள். நேகியைக் கூப்பிட்டு, இத்தனை நாள் டாக்டரிடம் சொல்லாததை ஏன் அந்தப் பெண்ணிடம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அந்த மேடத்துக்கு ஒண்ணும் புரியாது. அதனால்தான் சொன்னேன்.” முதல் நாளே தெரிந்துவிட்டதாம். எருமை செத்துப்போனதாக நடுவில் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாராம், நான் சிரித்துக்கொண்டே டீக் ஹை என்றேனாம். நான் புரிந்த மாதிரி நடித்து உயிரை விட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த மனுஷன் சுவருக்குப் பதிலாக என்னை வைத்திருக்கிறார். இதில் யார் யாரை ஏமாற்றினது?

அதற்கப்புறம் என்னிடம் பேச்சில்லை. இரண்டு மணிக்கு வேறு பக்கம் திரும்பி உட்காருவார். நான் ஷைனியிடம் தினம் ஒரு மணி நேரம் படித்து, ஒழுங்காக ஹிந்தியில் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டேன். எழுந்து கேரம் பலகைப் பக்கம் போய்விட்டார். புரிகிறவளாக ஆனதும் நான் அவருக்கு ஆகாதவளாகிவிட்டேன். கர்னலிடம் மட்டும் பேச ஆரம்பித்தார். முதலில் கோபமாக, அப்புறம் அழுகையாக, அப்புறம் சும்மா பேச்சாக. மனைவி வந்து அந்த ஊரிலேயே தங்கியிருந்து தினமும் பார்த்துவிட்டுப் போனாள். நாலரை மாதம் கழித்து அவளோடு கிளம்பினார். வார்டே வாசலில் நின்றது. மேஜரைக் கும்பிட்டார். கர்னலுக்கு சல்யூட். என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஃபிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு என்று அவர் வாயால் சொன்னது. ஒரு பேச்சுக்காவது வேண்டுமா என்று கேட்டாரா? அதில் டீயைக் கூட நிரப்பிக்கொண்டார் அண்ணாச்சி, நான் கண்ணால் பார்த்தேன்.

இப்படிப்பட்ட வேலை இது. உங்கள் மகளை ஓ.டி. என்றே எழுதச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் எழுதட்டும். ஷைனி மாதிரி மூன்றிலும் எழுதினாலும் சரி.

நானா? வருஷம் முடிந்ததும் மேஜர் கூப்பிட்டுக் கேட்டார். ஓ.டி.யில் இடம் இருக்கிறது, போகிறாயா என்று. வேண்டாம் என்றுவிட்டேன். ஓ.டி.யில் ஏ.சி. ரொம்ப. எனக்கு சைனஸ். நான் வேலை பார்க்கிற ஊரில் டிசம்பரில் குழாயில் தண்ணீர் உறைந்துபோகும், அந்தக் குளிரெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. ஏ.சி. குளிர் வேறு. டாக்டர் யாரிடமும் காட்டவில்லை, எனக்கே தெரிகிறதே. அதற்காகத்தான் போகவில்லை. மற்றபடி அந்த வார்டில் என்ன இருக்கிறது?

என்னம்மா முத்துமீனா? ஒயரைக் கழற்றிவிட்டாயா, நல்லது. என்ன கேட்டாய்? இந்த ரயில் எப்போது போய்ச் சேரும் என்றா? நாளை மறுநாள் காலை பத்து என்று போட்டிருக்கிறது. எப்போதும் இரண்டு மணி நேரம் தாமதமாகும். அதற்கு மேல் ஆகக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு நான் வார்டில் இருக்க வேண்டும். புதிதாக ஒரு சிப்பாய் வந்திருக்கிறான், நாகாலாந்துக்காரன். ஹிந்தி தெரியும், பேசமாட்டேன் என்கிறான். நான் மாங்கு மாங்கென்று ஹிந்தி படித்து முடித்தபிறகு வந்து சேர்ந்தவன் அவன். இரண்டு மணியானால் என் எதிரில் உட்கார்ந்து அவன் மலைப் பாஷையில் ஏதோ பேசுகிறான். அந்தப் பாஷை தெரிந்தவர் அந்த ஊரிலேயே கிடையாது. தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. நான் லீவில் ஊருக்கு வந்த இந்த இருபது நாளும் அவன் யாரிடம் பேசினானோ, என்ன பிழைப்போ.

குறிப்பா? எழுதுகிறேன், ஏன் எழுதாமல்? தினமும் ஒரே வரிதான். ‘நாற்பது நிமிஷம் பேசினார். எனக்குப் புரியவில்லை.’ மேஜர் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுகிறார்.